தட்டு வைத்து அனுப்பிய அக்கா

என் அக்காவின் சாவில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவர், அவளை வேலைக்கு அழைத்துப் போன மாமாதான். சொந்த மாமா இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சிரம்பானில் வீடு வாங்கி, டத்சன் மோட்டார் காடியில் வந்து போகிற ஆள் என்பதால் எங்கள் வரிசை வீட்டு லைனில் இருக்கும் சின்னவர்கள் எல்லாரும் அவரை மாமா என்போம். சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளையாட்டம் பாத்துக்கிட்டேனே" என்று கத்தினார். எங்கள் அப்பாவால்கூட அழ முடியவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழுகைக்கும் நடுவில் அவர் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. என் முன்னால் வந்து தன்மையாகப் பேசிய வேறு யாரையும்கூட நம்பவில்லை.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு அக்காவோடு பால்மரம் சீவப் போய்விட்டேன். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எனக்குத் தலை வாரியது, வயசுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது, பாம்பு கிடக்கும் மர நிரையில் எனக்கு முன்னால் நடந்தது எல்லாம் அக்காதான். எங்கள் தோட்டம் கோலா சாவா பக்கம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து செம்மண் சாலையில் வெகுதூரம் நடக்க வேண்டும். அந்தச் சாலையில் ஒரு காடி வந்தால் லைன் முழுக்க எட்டிப் பார்க்கும்.

ஜோகூரில் ஒரு பெரிய துணிக் கடை, சேலை மடித்து வைக்கிற வேலை, நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் நிற்கலாம் என்று மாமா சொன்னார். அக்காவுக்கு மரம் சீவிச் சீவி விரல் எல்லாம் வெடித்திருந்தது. சேலையைத் தொட்டால் நூல் சிக்குமே என்றுதான் அவள் கவலைப்பட்டாள். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாத பெண் ஒருத்தரை நம்பி வெளியூர் வேலைக்குப் போனால் சும்மா அனுப்ப மாட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் தட்டு வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ. பெண்ணைப் பெற்றவர் கொடுப்பார், அழைத்துப் போகிறவர் வாங்குவார். வாங்கிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இனிமேல் அவர்தான் பொறுப்பு. நிச்சயம் செய்கிற மாதிரிதான். மற்ற தோட்டங்களில் இப்படிச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

அப்பா பெரிய தட்டாக வைத்தார். "இனிமே ஒங்க புள்ள தம்பி" என்றார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு காடியில் ஏறினாள். கண்ணாடியை இறக்கத் தெரியாமல் உள்ளிருந்தே கை ஆட்டினாள். லைனே சிரித்தது.

அங்கே துணிக் கடை இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் இருந்த வீட்டில், கடையில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் சமைத்து, துவைத்து, வீட்டைக் கழுவுகிற வேலை. வெளியிலிருந்து கேட்டைப் பூட்டிவிட்டுப் போவார்கள். அவளுடைய ஐசியை, அடையாள அட்டையை, கடை முதலாளி தவுக்கே வாங்கி வைத்துக்கொண்டார். சம்பளம் கைக்கு வரவில்லை. அக்கா ஒரே ஒரு தடவை தோட்டத்து ஆபீசுக்கு போன் செய்தாள். அழுகிறாள், பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார். அப்பா மாமாவிடம் கேட்டதற்கு, "ஏக்கம்ணே. பொம்பளப் புள்ளைங்க மொதல்ல அப்படித்தான் லா. பழகிரும்" என்றார். நாங்களும் பழகிவிடும் என்று இருந்தோம். பிறகு காய்ச்சல், கண் எல்லாம் மஞ்சள். தகவல் வந்து அப்பா ஜோகூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவளுக்குப் பேச்சு இல்லையாம். கேட் பூட்டியிருந்த கதையை எல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு தமிழ் நர்ஸ்தான் அப்பாவிடம் சொன்னார். முந்தின நாள் வரை அக்கா கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் பேசியிருக்கிறாள்.

அப்பாவும் நானும் போலீஸ் பாலாய்க்குப் போனோம். அங்கே ஒரு தமிழ் சார்ஜன் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"புள்ளைக்கு என்னா வயசுங்கய்யா?"

"இருவத்திரெண்டு."

"யாராச்சும் மெரட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்களா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. அவருக்குப் பொய் வராது. "நாந்தான் தட்டு வச்சி அனுப்புனேன்."

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்பறம் எதுல கேஸ் போடுறது? நீங்களே குடுத்திருக்கீங்க, புள்ளையும் சந்தோசமாப் போயிருக்கு. சம்பளம் குடுக்கலன்னா லேபர் ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

லேபர் ஆபீசில் கேட்டோம். வீட்டு வேலை தங்கள் சட்டத்தில் வராது என்றார்கள். பிறகு பாலாயிலிருந்து ஒருத்தர் தோட்டத்துக்கு வந்து விசாரித்தார். லைனில் யாரும் பொய் சொல்லவில்லை. தட்டு வைத்தார்கள், பூ வைத்தார்கள், அவள் சிரித்துக்கொண்டு போனாள் என்று பார்த்ததைத்தான் சொன்னார்கள். மாமாவைக் கட்டிப்போடுவதற்காக வைத்த தட்டு அவருக்கே சாட்சி ஆகிவிட்டது.

அதன் பிறகு எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. சார்ஜன் மாமாவோடு தேத்தண்ணி குடிப்பாரா? அக்காவின் போனைக் கிராணியே பாதியில் வைத்துவிட்டாரா? அந்த நர்ஸ் எங்களிடம் எதையாவது மறைத்தாரா? மரம் சீவும்போதும் இதே யோசனை. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கினேன். ஒரு நாள் அப்பாவையே கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கு என்னா அவசரம்பா? கடைய ஒரு தடவ பாத்துட்டு வந்து அனுப்பியிருக்கலாம்ல?"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது எனக்குப் பிடித்த பிசாங் கோரேங், எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், வாங்கி வந்திருந்தார். அதைக்கூட ஏன் வாங்கி வந்தார் என்று யோசித்துக்கொண்டேதான் தின்றேன்.

சாவு நடந்து ஆறேழு மாதத்தில் அந்த டத்சன் மறுபடியும் எங்கள் சாலையில் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று, அப்பாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, எதிர் வீட்டுக்குள் போனார் மாமா. எதிர் வீட்டில் இருக்கும் அத்தைக்குப் புருஷன் இல்லை. ஒரே பெண். பதினேழு வயசு. ஐந்தாம் பாரப் பரீட்சை எழுதிவிட்டு, மரம் சீவ மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஜோகூர், துணிக் கடை, மின்விசிறி.

மாமா போனதும் நான் அத்தையிடம் ஓடினேன்.

"அத்த, வேணாம். அக்காவுக்கும் இதையேதான் சொன்னாரு."

"ஒங்க அக்கா தலையெழுத்து அது. காச்சல் ஜோகூர்லதான் வருமா? இங்க இருந்தாலும் வரும்."

"பூட்டி வச்சிருந்தாங்க அத்த."

"நீ பாத்தியா? எவளோ ஒரு நர்சு சொன்னா. அந்த மனுசன் ஒங்கக்கா சாவுல எப்படி அழுதாரு, பாத்தேல்ல? தப்பு பண்ணவன் அப்படி வந்து நிப்பானா?"

அந்த அழுகை அவருக்கு இதற்கும் உதவியது.

அந்த வாரம்தான் ஒரு வக்கீலம்மா வந்தார். அப்பா யாரோ சொன்னார்கள் என்று சிரம்பானில் யூனியன் ஆபீசில் போய்ப் பேசியிருக்கிறார். எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்றார். முழங்கால் வரை செம்மண்.

"யாரு அனுப்புனா ஒங்கள?"

"யூனியன்ல சொன்னாங்க, மா. நான் சிரம்பான்ல லாயர். பொம்பளைங்களுக்கு ஒரு சங்கம் வச்சிருக்கோம்."

"லாயருன்னா காடியில இல்ல வருவாங்க?"

"காடி ஒர்க் ஷாப்புல கெடக்கு. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தேன், செருப்பு பிஞ்சிருச்சி."

"ஐசி காட்டுங்க."

"என்னா லா புள்ள இது" என்று அப்பா அதட்டினார். அந்த அம்மா கோபப்படாமல் ஐசியை எடுத்துக் கொடுத்தார். நான் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"படத்துல ஒல்லியா இருக்கீங்க."

"அது கல்யாணத்துக்கு முன்ன எடுத்தது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் அக்காவைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதப் பார்த்தார். "கடத்தல்" என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"கடத்தலா? கடத்தல்னா வாயக் கட்டி காடியில தூக்கிப் போடுறது. எங்க அக்கா பூ வச்சிக்கிட்டுப் போனா. நாங்கதான் அனுப்புனோம். தப்பா எழுதாதீங்க."

அவர் பேனாவை மூடினார். "சரி. ஒண்ணு கேக்குறேன். ஒங்க அக்கா எதுக்குச் சரின்னு சொன்னாங்க?"

"வேலைக்கு."

"எந்த வேலைக்கு?"

"துணிக் கடைக்கு."

"பூட்டுன வீட்டுல இருக்கிறதுக்குச் சரின்னு சொன்னாங்களா?"

இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

பிறகு அவர் விளக்கினார். பொம்பளைகளை இப்படிக் கொண்டு போய் வியாபாரம் செய்வதை நிறுத்த வேண்டும் என்று உலக நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நம்ம நாடும் இப்போதுதான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டதோடு முடியவில்லை. அதற்கு ஏற்ற மாதிரி இங்கே சட்டம் மாற வேண்டும். இப்போது இருக்கிற சட்டம் ஒரு பெண்ணைக் கெட்ட தொழிலுக்குக் கொண்டு போனால் பிடிக்கும். அடைத்து வைத்தால் பூட்டினவனைப் பிடிக்கலாம். அதற்கும் அடைபட்டவள் வந்து சொல்ல வேண்டும். பொய் சொல்லி அழைத்துப் போய் அந்த வீட்டில் விட்டவனைப் பிடிக்க நேரான சட்டம் இல்லை.

"இந்த மாதிரி நடந்தத எல்லாம் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புறோம். ஒப்பந்தத்துல சொன்ன மாதிரி சட்டத்த மாத்துங்கன்னு."

"எப்ப மாறும்?"

"அது... வருசக் கணக்குல ஆகும், மா."

"எதிர் வீட்டுல ஞாயித்துக்கெழம தட்டு வைக்கிறாங்க. அதுக்குள்ள வருமா?"

வக்கீலம்மா எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். உடனே எழுந்து போய் அத்தையிடம் பேசினார். இரண்டு நிமிஷத்தில் அத்தையின் குரல் லைன் முழுக்கக் கேட்டது. "என் மவ நல்லா இருக்கப் போறது ஒங்களுக்குப் பொறுக்கல!" வக்கீலம்மா முகம் சிவந்து திரும்பி வந்தார். பாலாயில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். பாலாயில் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அன்றைக்கு அவர் எழுதுவதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. என் அக்காவை எழுதி எடுத்துக்கொண்டு போய்விடுவார், எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். காலில் புதுச் சப்பாத்து. நடந்து காட்டினாள்.

"அக்கா, அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நாளைக்குக் கோயில் பக்கம் வரவேணாமாம். கோச்சிக்காதீங்க க்கா."

நான் கோபப்படவில்லை. சாவு நடந்து வருஷம் திரும்பாத வீட்டுக்காரர்கள் நல்ல காரியத்தில் நிற்கக் கூடாது. தீட்டு. எங்கள் கை பட்ட பூவைச் சாமிக்கு வைக்க மாட்டார்கள். சாவு விழுந்ததிலிருந்து யாரும் எங்களிடம் குங்குமம்கூட வாங்கவில்லை. ஆனாலும் போனேன். அப்பாவிடம் சொல்லாமல் போனேன்.

கோயில் முன்னால் கூட்டம். மாமா வெள்ளைச் சட்டையில் நின்றார். கோயில் தலைவர் பக்கத்தில் அத்தை தட்டோடு நின்றார். நான் வாய்க்கால் ஓரத்திலேயே நின்று கேட்டேன்.

"மாமா, கடை பேரு என்னா?"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் சிரித்தார். "வந்துட்டா லா போலீஸ்காரி."

கூட்டமும் சிரித்தது.

"பேரு சொல்லுங்க. தவுக்கே யாரு?"

"பெரிய கடை லா. சொன்னா ஒனக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரிய வேணாம். அத்தைக்குச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம வெளிய விடுவாங்களா? ஐசி யாரு கையில இருக்கும்?"

மாமா தலைவரிடம் திரும்பி, "பாவம் ணே, அக்கா போன துக்கம். மனசு சரியில்ல. யாராச்சும் வீட்டுல கொண்டு விடுங்க" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு பரிவு. இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்தார்கள். "வா தங்கச்சி, வா" என்றார்கள். என்னைப் பைத்தியம் ஆக்கிவிட்டு அவர் காரியத்தை முடிக்கப் போகிறார் என்று புரிந்தது. அத்தை தட்டைத் தூக்கி நீட்டினார். மாமாவும் கையை நீட்டினார்.

நான் தோளை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள்ளே போனேன். இரண்டு கையையும் விரித்து, அந்த வெற்றிலை மேல் வைத்து அழுத்தினேன்.

தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. பிறகு அத்தை கத்தினார். "பாவி! சாவு வீட்டுக் கைய வச்சிட்டாளே!" கன்னத்தில் ஓர் அறை விட்டார். காது ஙொய்யென்றது. நான் கையை எடுக்கவில்லை.

"தீட்டாயிருச்சி" என்றார் தலைவர். "இன்னைக்கி வேணாம். வேற நாள் பாத்துக்கலாம்."

அத்தோடு ஒரு வாரமாவது தள்ளிப் போகும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வேறு நாள் என்று கேட்டதும் மாமா படபடத்தார். அங்கே யாரிடமோ வாக்குக் கொடுத்திருப்பார் போலிருக்கிறது.

"அட, என்னா ணே நீங்க. தட்டு கெடக்குது தட்டு. அதெல்லாம் பழைய பேச்சு லா. காடி நிக்கிது, புள்ளைய ஏத்துங்க, போவோம்."

அத்தை அவரைப் பார்த்தார். அத்தையின் முகம் மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் கை இன்னும் தட்டு மேல்தான் இருந்தது.

"தட்டு இல்லாமயா ஏத்துறது?"

"ஆமா க்கா. தட்டுல என்னா இருக்கு?"

"தட்டுல என்னா இருக்கா? தட்டு வேணாம்னா அப்பறம் என் புள்ளைக்கு யார்ரா பொறுப்பு?"

அவ்வளவு நாள் தம்பி, தம்பி என்ற அத்தை "யார்ரா" என்றதும் மாமா பின்னால் நகர்ந்தார். "கடை எங்க இருக்கு? அதச் சொல்லு மொதல்ல" என்றார் அத்தை. அதற்குள் கூட்டத்தில் வேறு யாரோ, "சொல்லுங்களேன், கேக்குறாங்கல்ல" என்றார்கள். மாமா ஒரு பேர் சொன்னார். எந்தச் சாலை என்று கேட்டபோது வேறு ஒன்று சொன்னார். "ஒங்களுக்கெல்லாம் நல்லது பண்ண வந்தேன் பாரு" என்று காடியில் ஏறிப் போனார்.

அத்தை எனக்கு நன்றி எல்லாம் சொல்லவில்லை. நான் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இன்று வரை என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்ணும் என் மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு ஜோகூர் பார்க்க ஆசை. இப்போது சுங்கை காடுட்டில் ஒரு பேக்டரிக்குப் போகிறாள். பேக்டரி பஸ் சாலை முனையில் ஏற்றி, அங்கேயே இறக்கி விடுகிறது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். திருப்பிக்கொள்ளட்டும்.

கோப்பிக் கடை போனிலிருந்து வக்கீலம்மாவை நானே கூப்பிட்டேன். வந்தார். இந்தத் தடவை காடியில். எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். ஓர் இடத்தில், "விவரம் தெரியாத தந்தை" என்று இருந்தது.

"அத அடிங்க."

"ஏன் மா?"

"எங்கப்பா விவரம் கேட்டாரு. மாமா பொய் சொன்னாரு. பொய் சொன்னவன எழுதுங்க."

அடித்தார். தட்டு வைத்ததை அவர் எழுதாமல் விட்டிருந்தார். அதை எழுதினால் நாங்களே மனசாரக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், கேட்பதற்குப் பலம் குறையும் என்றார்.

"மனசாரத்தான் குடுத்தோம்" என்றேன். "அத மறைக்காதீங்க. தட்டு வச்சோம், பூ வச்சோம், சிரிச்சிக்கிட்டுப் போனா. அதுக்கப்பறமும் அவரு செஞ்சது குத்தம்னு சொல்ற சட்டந்தான் வேணும். இல்லன்னா சார்ஜன் மறுபடியும் பேனாவக் கீழ வச்சிருவாரு."

வக்கீலம்மா அதையும் எழுதினார். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா அப்போதுதான் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுதியது கோலாலம்பூருக்குப் போய்விட்டது என்று வக்கீலம்மா சொல்கிறார். போய்ச் சேர்ந்ததா, யாராவது வாசித்தார்களா, எனக்குத் தெரியாது. மாதம் ஒரு தடவை போன் செய்து கேட்கிறேன். அவருக்கு அலுத்திருக்கும். ஆனாலும் விடுவதாக இல்லை. அந்த டத்சன் இப்போது கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுகிறது என்று லாரிக்காரர் ஒருத்தர் சொன்னார். அங்கே எந்தக் கோயில் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுக்கும் வருஷம் திரும்பப் போகிறது. திரும்பிவிட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டைக் கழித்து, எங்களையும் நல்ல காரியங்களுக்குக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நான் எந்தத் தட்டில் கை வைத்தாலும் எதுவும் நிற்காது.